அவரே வேண்டாம் என்ற பிறகு நீங்கள் யார்?

"அந்த நீதிபதியே எனக்காக யாரும் வழக்குப் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் நீங்கள் யார் சார்பில் இங்கே நிற்கிறீர்கள்?"

கேட்டவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எதிரே நின்றவன் திருமயத்திலிருந்து வந்த நாலாம் ஆண்டு சட்ட மாணவன். இடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பட்டாலை. கருங்கல் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல் தரைக்கும் நடுவே மேசை போட்டு, மூன்று நாற்காலி வைத்து, அதை உயர் நீதிமன்றம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். அதுவரை மடை திறந்த வெள்ளமாகப் பேசிக்கொண்டிருந்த பையன் அந்தக் கேள்வியில் நின்றுபோனான். நேரம் பார்க்கும் மாணவியின் கையில் இருந்த வெண்கல மணி தவறி லேசாகத் தட்டிய சத்தம் வளவு வரைக்கும் கேட்டது.

நான் காரைக்குடியில் வக்கீல் தொழில் செய்கிறவன். சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் போட்டி இது. அதற்கான வழக்குப் பிரச்சனையை எழுதியவனும் நான், இறுதிச் சுற்றில் அமர்வில் உட்கார்ந்த மூவரில் ஒருவனும் நான். எனவே இதில் வரும் குறைகளில் பாதி என் கணக்கில் சேர வேண்டியவை. ஒன்று மிகப் பெரிய குறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

யார் நினைவாக

2022-இல் காரைக்குடியில் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க மதுரைக்கும் திருச்சிக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை மாறியது. நீதிமன்ற வராந்தாவில் கறுப்புக் கோட்டு மாட்டிய இளம் முகங்கள் கூடின. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு சட்ட மாணவரும் குறைந்தது மூன்று மூட் கோர்ட்டில் வாதாட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்: எழுத்துக்கு ஐந்து, பேச்சுக்கு ஐந்து. பல இடங்களில் இது ரெக்கார்டு நோட்டு எழுதுகிற வேலையாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் நாங்கள் சில வக்கீல்கள் சேர்ந்து ஆறு அணிகளை மட்டும் வைத்து ஒரு சின்னப் போட்டி நடத்தலாம் என்று தீர்மானித்தோம். தமிழிலும் வாதாடலாம், ஆங்கிலத்திலும் வாதாடலாம்.

யார் நினைவாக நடத்துவது என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. நீதிபதி மு.மு. இஸ்மாயில். 1921-இல் நாகூரில் பிறந்தவர். 1979-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர். அவசரநிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதை விசாரித்த ஆணையம் அவருடையது. இதெல்லாம் ஒரு பக்கம். எங்கள் ஊருக்கு அவர் முதலில் கம்பன் அறிஞர். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த மரபு சென்னைக்குப் போனபோது அங்கே கம்பன் கழகத்தைத் தலைவராக இருந்து வளர்த்தவர் இஸ்மாயில். நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்கு வருடா வருடம் போகிற ஊர் இது. இங்கே அவர் பெயரைச் சொன்னால் யாரும் "எந்த இஸ்மாயில்?" என்று கேட்பதில்லை.

போஸ்டரில்தான் தகராறு வந்தது. அச்சுக்குப் போன வாசகத்தில் "சிறுபான்மை நீதிபதியின் நினைவாக" என்று இருந்தது. இதைப் பார்த்த ஓர் அணியின் ஆராய்ச்சி மாணவன் மூன்று நாள் உட்கார்ந்து இஸ்மாயில் எழுதிய சிறுபான்மைத் தீர்ப்புகளைத் தேடியிருக்கிறான். அதாவது அமர்வில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் எழுதிய தீர்ப்புகளை. அவனைக் குறை சொல்ல முடியாது, சட்ட மாணவனுக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும். இளையான்குடியிலிருந்து வந்த ஒரு மாணவி வேறு காரணத்துக்காக வந்து நின்றாள். "ஐயா, அவர் தலைமை நீதிபதியாக இருந்து ராஜினாமா செய்தார். சிறுபான்மையாக இருந்து செய்யவில்லையே. அந்தச் சொல்லைப் போட்டால் அவருக்கு அநியாயம் நடந்தது, பாவம் என்கிற மாதிரி வாசிக்கத் தோன்றுகிறது. அவரே அப்படி ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை." எங்களுக்குள் பேசி அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். அவள் சொன்னதன் முழு எடை எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இறுதிச் சுற்றில்தான் புரிந்தது.

வழக்கு

1981 ஜனவரியில் நடந்ததை மாணவர்கள் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. சென்னைத் தலைமை நீதிபதி இஸ்மாயிலைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கும், பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி உத்தரவு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 222-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு குடியரசுத் தலைவர் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியை இன்னோர் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். நீதிபதியின் சம்மதம் வேண்டுமா என்பதைப் பற்றி அந்தப் பிரிவு மூச்சு விடவில்லை.

அதற்கு முன் 1976-இல், அவசரநிலையின்போது, பதினாறு நீதிபதிகள் இப்படி மாற்றப்பட்டார்கள். குஜராத்திலிருந்து ஆந்திராவுக்கு மாற்றப்பட்ட நீதிபதி சங்கல்சந்த் சேத் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1977-இல் 3-க்கு 2 என்ற கணக்கில் சம்மதம் தேவையில்லை என்றது. ஆனால் கலந்தாலோசனை என்பது பெயருக்கு இருக்கக்கூடாது, பொதுநலன் இருக்க வேண்டும், தண்டனையாக மாற்றக்கூடாது என்றும் சொன்னது.

1981-இல் பாட்னா சிங் எதிர்த்து நின்றார். வயதான தாயாரின் உடல்நிலை, தமிழ் தெரியாதது என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. எஸ்.பி. குப்தா வழக்கு என்று எல்லோரும் சொல்லும், நீதிபதிகளின் நியமனமும் இடமாற்றமும் பற்றிய அந்தப் பெரிய வழக்கோடு இதுவும் சேர்ந்தது. ஏழு நீதிபதிகள், 1981 டிசம்பர் 30-இல் தீர்ப்பு. சிங்கின் இடமாற்றம் 4-க்கு 3 என்று செல்லுபடியானது. பொதுநல வழக்குகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதே தீர்ப்புதான். பாதிக்கப்பட்டவர் வர முடியாத இடத்தில் பொதுநோக்கோடு வரும் வேறொருவர் வழக்குத் தொடரலாம், நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய கேள்வியில் வக்கீல்களுக்கு வழக்குத் தொடரும் தகுதி உண்டு என்றது.

இஸ்மாயில்? அவர் கேரளாவுக்குப் போகவில்லை, பதவியை விட்டுப் போனார். வழக்கும் போடவில்லை. தன் பொருட்டு மற்றவர்கள் வழக்காடுவதை விரும்பவில்லை என்றும் தெரிவித்துவிட்டார்.

நான் எழுதிய பிரச்சனை இதை ஒட்டியதுதான். பெயரில்லாத ஒரு மாநிலம். அதன் தலைமை நீதிபதி மாற்றப்படுகிறார். அவர் ராஜினாமா செய்கிறார். வக்கீல்கள் சிலர் மனுப் போடுகிறார்கள். நீதிபதி, "எனக்காக யாரும் வழக்காட வேண்டாம்" என்று கடிதம் கொடுக்கிறார். இரண்டு கேள்விகள்: மனுதாரர்களுக்குத் தகுதி உண்டா? இடமாற்றம் செல்லுமா?

இரண்டு பக்கத்தில் அழகாக எழுதியிருந்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. ஆண்டும் இல்லை.

பட்டிமன்ற வாய்

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும்போதே கம்பன் விழாப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், வழக்காடு மன்றம் என்று மேடை பழகியவர்கள். மூட் கோர்ட்டில் அதுவே வில்லங்கம் ஆகிவிடுகிறது. பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில்தான் வாய் திறப்பார். அதுவரை பேச்சாளருக்கு எதிரே இருப்பது கூட்டம். மூட் கோர்ட்டில் கூட்டமே கிடையாது. நீதிபதி இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே விழுவார். அவர் கேட்டதற்கு நேரே பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். "அதற்குப் பிறகு வருகிறேன், ஐயா" என்று சொல்லிவிட்டு வராமல் போனால் மதிப்பெண் அங்கேயே ஒழுகிப் போய்விடும். (மேலே நானும் அப்படி ஒன்று சொல்லியிருக்கிறேன். வருவேன்.)

பயிற்சிக்காக அவர்களுக்கு வாலி வழக்கைக் கொடுத்தேன். இஸ்மாயில் வாலி வதையை நீதிபதியின் கண்ணோடு ஆராய்ந்தவர் என்பதால் பொருத்தமாகவும் இருந்தது. கம்பனில் அம்பு பட்டுக் கிடக்கும் வாலி அடுக்கடுக்காகக் கேட்கிறான். தம்பி மனைவியைக் கவர்ந்தாய் என்கிறான் இராமன். எங்கள் குலத்தில் அந்த வரைமுறை கிடையாது என்கிறான் வாலி. நன்மை தீமை அறிந்த உனக்கு விலங்கு என்ற சலுகை கிடையாது என்று அதற்கும் இராமன் பதில் சொல்கிறான். கடைசியில், சரி, நேரே வராமல் ஏன் ஒளிந்து நின்று எய்தீர்கள் என்று வாலி கேட்கும்போது பதில் வருவது இலக்குவனிடமிருந்து. முன்னே வந்து நின்றிருந்தால் நீயும் சரணடைந்துவிடுவாய், உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்பது அவன் வாதம்.

"சீனியரிடம் கேட்ட கேள்விக்கு ஜூனியர் எழுந்து பதில் சொல்கிறார். மூட் கோர்ட்டில் இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று தேவகோட்டைப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

இறுதிச் சுற்று

அமர்வில் மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதிபதி, மதுரை அமர்வில் வழக்காடும் ஒரு பெண் வக்கீல், நான். மனுதாரர் தரப்பில் முதல் வாதம் திருமயம் பையன், இரண்டாவது இளையான்குடிப் பெண். எதிர்த்தரப்பில் முதலில் பேச வேண்டியவள் தேவகோட்டைப் பெண்.

திருமயத்தான் முதல் மூன்று நிமிடத்தில் எல்லோரையும் கட்டிப்போட்டான். நாகூர்க் கடற்கரை, கம்பன், தாய்மொழி, தலைமை நீதிபதியின் தனிமை என்று எல்லாம் வந்தது. பின்கட்டில் சாப்பாட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி விழுந்தது.

கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, "ஐயா, அவர் பெருந்தன்மையால் சொன்னது அது. அவருக்காக நாங்கள் பேச வேண்டியது கடமை" என்றான். பட்டிமன்றத்தில் இதற்குக் கைதட்டல் விழும். நீதிபதி விடவில்லை. "பெருந்தன்மை என்று கடிதத்தில் இருக்கிறதா, நீங்கள் சேர்த்ததா?" "நான் ஊகித்தது, ஐயா." "வேண்டாம் என்பவரின் வாயில் வேண்டும் என்பதை வைக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?" பையன் எஸ்.பி. குப்தாவுக்குத் தாவினான். சரியான இடம்தான், ஆனால் தாமதம். அதற்குள் தன் வழக்கை நீதிபதியின் சொந்தக் குறையாக மாற்றிவிட்டிருந்தான். குறை சொந்தமானது என்றால், அதை வேண்டாம் என்று விடும் உரிமையும் அவருடையதுதானே.

தேவகோட்டைப் பெண் எழுந்தாள். முன்னுரை கிடையாது. "நான்கு நிமிடம் போதும், ஐயா" என்றாள். 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எஸ்.பி. குப்தாவின் பெரும்பகுதியை மாற்றி, நியமனத்திலும் இடமாற்றத்திலும் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்கு முதலிடம் கொடுத்தது. அடுத்து 1994-இல் அசோக் ரெட்டி வழக்கு: இடமாற்றத்தை எதிர்த்து வருவதானால் அந்த நீதிபதியே வர வேண்டும், அவர் சார்பில் வேறு யாரும் வரக்கூடாது. "மனுதாரர்கள் நீதிபதியின் சார்பில் வந்ததாக என் நண்பரே இப்போது சொல்லிவிட்டார்" என்று உட்காரப் போனாள்.

பெண் வக்கீல் அவளை நிறுத்தினார். "அப்படியானால் சட்டத்துக்கு முற்றிலும் விரோதமான ஓர் இடமாற்றம், நீதிபதி மனம் நொந்து ராஜினாமா செய்துவிட்டார், அதோடு யாருமே கேட்க முடியாதா?"

சற்று யோசித்தாள். "அந்த விளைவு வரத்தான் செய்யும், அம்மா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கக்கூடிய ஒருவர் இருந்தார், அவர் கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்த முடிவை நாம் மனுவாக மாற்ற முடியாது." தனக்குப் பாதகமானதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்ட இடத்திலேயே நின்றாள். பத்து வருடம் தொழில் பார்த்தவர்களுக்கே சுலபத்தில் வராத பழக்கம் இது.

திருமயத்தான் எழுந்தான். குரலில் இப்போது மேடை இல்லை. "ஐயா, அசோக் ரெட்டி வழக்கை நாங்கள் பார்க்கவே இல்லை. பிரச்சனை 1981-இல் நடப்பதாக நினைத்து, அன்றுவரையுள்ள சட்டத்தைத்தான் படித்தோம். பிரச்சனையில் ஆண்டே போடவில்லை."

அமர்வில் இருந்த மற்ற இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பட்டாலையே திரும்பியது. நான் தாளைப் புரட்டுகிறவன்போல் புரட்டினேன். இருந்தால்தானே கிடைக்கும்? இடமாற்றச் சட்டம் 1977, 1981, 1993, 1994, 1998 என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு. எந்த ஆண்டு என்று சொல்லாத பிரச்சனை, எல்லைக்கல் காட்டாமல் நிலத்தை விற்பது மாதிரி. உண்மைச் சம்பவம் என் மனத்தில் இருந்ததால் 1981 என்பது தாளிலும் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். தெளிவு கேட்க ஒரு வாரம் கொடுத்திருந்தோம், ஓர் அணியும் கேட்கவில்லை. ஒவ்வோர் அணிக்கும் தன் ஆண்டு அவ்வளவு நிச்சயம்.

ஓய்வுபெற்ற நீதிபதி தீர்த்து வைத்தார். "இன்றைய சட்டப்படி பேசுங்கள். பத்து நிமிடம் இடைவேளை. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பின் நகலை மனுதாரர்களுக்குக் கொடுக்கட்டும். பதிலுரைக்கு ஐந்து நிமிடம்."

எல்லோரும் காபிக்குப் போனோம். இளையான்குடிப் பெண் போகவில்லை. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நகலைப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் அவள் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். "என் சக வாதி நீதிபதிக்காக வந்திருக்கிறோம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம். அவர் யாரையும் அழைக்கவில்லை. அவர் கடிதத்தை முழுமையாக மதிக்கிறோம். அசோக் ரெட்டி தடுப்பது அவர் சார்பில் வருகிறவர்களை. நாங்கள் அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவர்கள், எங்கள் சார்பிலேயே வந்திருக்கிறோம். அடுத்து வரும் தலைமை நீதிபதி ஒவ்வொரு உத்தரவில் கையெழுத்திடும்போதும் இடமாற்றத்தை நினைத்துக்கொண்டால் நஷ்டம் எங்கள் கட்சிக்காரருக்கு. நீதிபதி தன் பதவியை விட்டுக்கொடுக்கலாம். கட்சிக்காரருக்குரிய சுதந்திரமான நீதிமன்றத்தை விட்டுக்கொடுக்க அவராலும் முடியாது."

நான் கேட்டேன்: "அவர் ராஜினாமா செய்துவிட்டார். அவரைத் திரும்ப உட்கார வைக்க முடியாது. என்ன நிவாரணம் கேட்கிறீர்கள்?"

"அவரைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்கவில்லை, ஐயா. உத்தரவு செல்லாது என்ற அறிவிப்பு மட்டும் போதும்."

"செத்த பாம்பை அடிப்பதற்கு நீதிமன்றம் எதற்கு?"

"பாம்பு செத்ததா என்று தெரியவில்லை, ஐயா. 2019-இல் சென்னைத் தலைமை நீதிபதியை மேகாலயாவுக்கு மாற்றினார்கள், அவர் ராஜினாமா செய்தார். 2021-இல் இன்னொரு சென்னைத் தலைமை நீதிபதியை அதே மேகாலயாவுக்கு மாற்றினார்கள், அவர் போய்ப் பொறுப்பேற்றார். எங்கள் மனுவின் கேள்வி அந்த நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது."

ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்தது. இந்த முறை சரியான நேரத்தில்.

மதிப்பெண் தாள்

சட்டப்படி அவள் சொன்னது நிற்குமா என்பதில் நாங்கள் மூவரும் ஒத்துப்போகவில்லை. அசோக் ரெட்டி சொன்ன தடையை இவ்வளவு மெல்லிய நூலால் அறுக்க முடியாது, சார்பில் என்ற சொல்லை இப்படிச் சுருக்கினால் தடை இருந்தும் இல்லாததாகிவிடும் என்றார் பெண் வக்கீல். ஓய்வுபெற்ற நீதிபதியும் அவர் பக்கம். 1998-இல் உச்ச நீதிமன்றம் நான்கு மூத்த நீதிபதிகளையும் சம்பந்தப்பட்ட இரண்டு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளையும் கலக்க வேண்டும் என்று வழிமுறையை இறுக்கிய பிறகு, வெளியார் வந்து கேட்கும் தேவையும் குறைந்துவிட்டது என்பது அவர் கருத்து. எனக்கு அது ஒப்பவில்லை. வழிமுறை இறுக்கமானது என்பதால் மீறல் நடக்காது என்று ஆகிவிடாது.

மூட் கோர்ட்டில் எந்தப் பக்கம் சட்டம் சரி என்பதற்கு மதிப்பெண் கிடையாது, எப்படி வாதாடினார்கள் என்பதற்குத்தான். ஆனாலும் தாள் எழுதும் கையில் மனம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கோப்பை தேவகோட்டை அணிக்குப் போனது, இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். போஸ்டரிலிருந்து எடுத்த சொல் கடைசியில் எனக்குத்தான் வந்து சேர்ந்தது என்று ஓய்வுபெற்ற நீதிபதி சிரித்தார்.

சிறந்த வாதி பரிசுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. மூன்று தாளிலும் இளையான்குடி.

திருமயத்தான் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோற்றதைவிட ஒரு விஷயம் அவனை அதிகம் குடைந்துகொண்டிருந்தது. "ஐயா, நான் அவரை உயர்த்தித்தானே பேசினேன்?" உயர்த்தித்தான் பேசினான். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ஒரே வரியைத் தள்ளிவிட்டு உயர்த்தினான். இதை அவனிடம் சொன்னபோது இலையில் இருந்த கவுனி அரிசியைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, அந்தக் கடிதத்தை வாதத்தின் முதல் வரியாக வைத்துத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். கேள்வி அவன் கையில் இருந்திருக்கும் என்றேன்.

அடுத்த போட்டிக்கான கூட்டம் போன வாரம் நடந்தது. பிரச்சனையின் முதல் வரியில் ஆண்டு இருக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். பிரச்சனை எழுதும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, படிப்பு முடித்துப் பதிவுக்குக் காத்திருக்கும் தேவகோட்டைப் பெண்ணிடம் கொடுப்பது இரண்டாவது. இரண்டையும் நானே வழிமொழிந்தேன்.